ஓடம் வண்டியில ஏறிடுச்சு, இறக்க எடம் எங்க?

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்த ஒரு பைசா வாடகை வாங்காம நமக்கு தொறந்து விட்ட ஊர்ப் பெரியவங்களே, எத்தனையோ வேலைக்கு நடுவுல வந்து முதல் வரிசையில உக்காந்திருக்கற நம்ம வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, விசைப்படகு சங்கத்து அண்ணன்மார்களே, ஃபைபர் போட் ஓட்டற தம்பிமார்களே, துறைமுகத்துல காலம் பூரா வேல பாத்து ரிட்டயர் ஆன இன்ஜினியர் சார் அவர்களே (சாருக்கு முழங்கால் வலி, ரெண்டு மாடி ஏறி வந்திருக்காரு, ஒரு கைதட்டல் குடுங்க), ஸ்கூல் பசங்கள கூட்டிட்டு வந்திருக்கற டீச்சர் அவர்களே, சவுண்டு சர்வீஸ் தம்பி, டீ குடுக்கற அக்கா, பேர் விட்டுப்போன அத்தன பேருக்கும் என் வணக்கம்.

நோட்டீஸ்ல "சின்ன பாய்மர யாட்டுகள், வரலாறும் தனித்தன்மையும்"னு போட்டிருக்காங்க. மூணு விஷயமா பிரிச்சு சொல்றேன். ஒண்ணு இதெல்லாம் யார் எப்படி கட்டினாங்க, ரெண்டு கீல், அதாவது படகு கவுந்துடாம அடியில நீட்டிட்டு இருக்கற கனமான கட்டை, மூணு மேல இருக்கற பாய். நடுவுல ஒரு பழமொழி அடிக்கடி வரும், பொறுத்துக்கங்க, எங்க ஆயா சொல்லிக் குடுத்தது: ஓடமும் ஒரு நாள் வண்டியில ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்துல ஏறும்.

யாட்னா நமக்கு என்ன ஞாபகம் வருது, சினிமாவுல வில்லன் கூலிங்கிளாஸ் போட்டுட்டு நிக்கற வெள்ளக் கப்பல்தான? நான் பேச வந்தது அது இல்ல. இருபது அடியிலேந்து முப்பத்தஞ்சு அடிக்குள்ள, ஒரே அச்சுல ஒண்ணு மாதிரி ஒண்ணு நூத்துக்கணக்குல செஞ்சு, வாத்தியாரும் மெக்கானிக்கும் தவணையில வாங்கற மாதிரி வித்த படகு. அதுக்கு முன்னாடி பணக்காரர் ஒருத்தர் ஆர்டர் குடுப்பாரு, அவருக்குன்னு ஒருத்தர் வரைவாரு, ஒரு பட்டறை மாசக்கணக்குல மரத்துல இழைக்கும், அவ்ளோதான். சாதாரண ஆளு கரையில நின்னு பாக்கலாம்.

இத மாத்தினதுல பெரிய பங்கு ஸ்வீடன் பக்கம். இரண்டாம் உலகப்போர் நடக்கற நேரம், ஸ்காண்டிநேவிய பாய்மரச் சங்கம் ஒரு போட்டி வைக்குது, ஜனங்க வாங்கற விலையில ஒரு நல்ல படகு வரைஞ்சு குடுங்கன்னு. 58 வரைபடம் வந்துச்சு. நடுவர்களுக்கு எது முதல்னு முடிவு பண்ண முடியல, இதுல இது நல்லாருக்கு அதுல அது நல்லாருக்குன்னு எடுத்து டோர்ட் சுண்டேன்ங்கற டிசைனர்கிட்ட குடுத்து ஒண்ணா வரையச் சொன்னாங்க. 1942ல கோத்தன்பர்க்ல முதல் படகு தண்ணியில எறங்குச்சு. அதான் ஃபோக்போட். நீளம் 7.68 மீட்டர், நம்ம கணக்குல 25 அடி, அகலம் 2.20 மீட்டர், மொத்த எடை ரெண்டு டன்னுக்கு கொஞ்சம் கம்மி, அதுல பாதி அடியில இருக்கற இரும்பு. அந்தப் பாதிதான் ரகசியம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைய எப்படி சாய்ச்சாலும் நிமிருதுல்ல, அதேதான். உள்ள நிமிந்து நிக்க முடியாது, குனிஞ்சுதான் போகணும், படுக்கலாம், ஒரு ஸ்டவ் வெச்சு கஞ்சி காய்ச்சலாம், போதும்னு நெனச்சு வரைஞ்சிருக்காங்க. பலகை மேல பலகைய ஏத்தி அடிச்ச உடம்பு. நம்ம மெட்ராஸ்ல மசூலா படகுல ஆணியே இல்லாம கயித்தால பலகைய தெச்சாங்க, அலை அடிச்சா வளைஞ்சு குடுக்கறதுக்காக, அதப் பத்தி தனியாவே ஒரு நாள் பேசணும்.

இந்த சின்னப் படகு என்ன செஞ்சுதுன்னு கேளுங்க. 1960ல இங்கிலாந்து பிளைமவுத்லேந்து நியூயார்க்குக்கு ஒத்த ஆளா ஓட்டற முதல் போட்டி. கெளம்பினது மொத்தம் அஞ்சே படகு. அதுல ரெண்டு ஃபோக்போட். ஒண்ணு ஜெஸ்டர், ஓட்டினவர் பிளாண்டி ஹாஸ்லர், 1942ல பிரான்ஸ் நாட்டு போர்டோ துறைமுகத்துக்கு கனூங்கற சின்ன துடுப்புப் படகுல போய் எதிரி கப்பலுக்கு வெடி வெச்சுட்டு உயிரோட திரும்பின ரெண்டே பேர்ல ஒருத்தர். அவர் அந்த ஃபோக்போட்டுல சீனாக்காரங்க ஜங்க் கப்பல்ல கட்டற மாதிரி பாய கட்டி, கயிறெல்லாம் உள்ள இருந்தே இழுக்கற மாதிரி செஞ்சு, காத்த வெச்சே தானா திசை பிடிக்கற ஒரு சுக்கான் பொறிய மாட்டி, 48 நாள்ல போய் ரெண்டாவதா சேந்தாரு. முதல்ல வந்தவர் பிரான்சிஸ் சிச்செஸ்டர், 40 நாள், ஆனா அவர் படகு ரொம்பப் பெருசு. மூணாவதா வந்த டேவிட் லூயிஸ் படகு வெர்ட்யூங்கற இன்னொரு 25 அடி ரகம், கெளம்பின கொஞ்ச நேரத்துலயே பாய்மரம் ஒடஞ்சு, திரும்பி வந்து மாத்திட்டு மறுபடி போனாரு. கடல் தாண்ட பெரிய கப்பல் வேணும்ங்கற பேச்சு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு.

அப்புறம் ஃபைபர் வந்துச்சு. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம குப்பத்துல எல்லாம் கட்டுமரம் போய் ஃபைபர் போட் நெறஞ்சுதே, அந்த மாத்தம் யாட்டுக்கு நாப்பது அம்பது வருஷம் முன்னாடியே நடந்துருச்சு. அமெரிக்காவுல பியர்சன்னு சித்தப்பா பெரியப்பா பசங்க ரெண்டு பேர், கார்ல் ஆல்பெர்க் வரைஞ்ச டிரைட்டன்ங்கற 28 அடி படக 1959 நியூயார்க் போட் ஷோவுல கொண்டுவந்து வெச்சாங்க, அப்புறம் அந்த ரகம் ஏறக்குறைய எழுநூறு செஞ்சாங்க. அந்தக் காலத்து ஃபைபர் தடியா இருக்கும், அதனாலதான் அதுல பலது இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. இங்கிலாந்துல லிமிங்டன்ல ஜெரிமி ராஜர்ஸ், டேவிட் சாட்லர் ரெண்டு பேரும் ஃபோக்போட்ட அடிப்படையா வெச்சு ஃபைபர்ல செஞ்சது கான்டெஸா 26. அதுக்கு அண்ணன் கான்டெஸா 32. 1979ல ஃபாஸ்ட்நெட்ங்கற கடல் பாய்மரப் போட்டியில பெரும்புயல், 303 படகு போச்சு, 86தான் முடிச்சுது, போட்டியில இருந்த 15 பேர் செத்துட்டாங்க. அதுல ரொம்பச் சின்ன படகுகள் இருந்த பிரிவுல முழுசா ஓட்டி முடிச்ச ஒரே படகு அசென்ட்னு ஒரு கான்டெஸா 32. பெருசு பலது பாதியில விட்டுருச்சு, இது முடிச்சுட்டு வந்துச்சு.

பொம்பளப் பசங்க பின்னாடி நிறைய உக்காந்திருக்கீங்க, உங்களுக்காக இது. தானியா ஏபின்னு நியூயார்க் பொண்ணு, வயசு 18. அவங்க அப்பா, காலேஜ்ல படிக்க வெக்கவா, இல்ல ஒரு படகு வாங்கித் தரட்டா, உலகத்த சுத்திட்டு வரியான்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு படகக் கேட்டுச்சு. 1985ல கெளம்பி 1987ல திரும்பி வந்துச்சு. படகு கான்டெஸா 26. பேரு வருணா! நம்ம நெய்தல் நிலத்து தெய்வம். இதக் கேட்டு படிப்ப விட்றாதீங்க, டீச்சர் என்ன முறைக்கறாங்க.

இப்ப கீலுக்கு வரேன். மூணு ரகம் தெரிஞ்சா போதும். நீளக் கீல், ஃபோக்போட் மாதிரி முன்னாடிலேந்து பின்னாடி வரைக்கும் ஒரே அடிக்கட்டையா ஓடி அதுலயே சுக்கான் மாட்டியிருக்கும், நேரா போகும், அடிச்சாலும் தாங்கும், ஆனா கரையில வெச்சா நிக்காது, முட்டு குடுக்கணும். ரெட்டக் கீல், 1969ல வந்த வெஸ்டர்லி சென்டார்னு 26 அடி படகு, லாரன்ட் கைல்ஸ் கம்பெனி வரைஞ்சது, 2,400க்கு மேல செஞ்சாங்க, தண்ணி வத்தினா சேத்துல ரெண்டு கால்ல நின்னுக்கும், மூணடி ஆழம் போதும். மூணாவது தூக்கற கீல், கலிபோர்னியாவுல அதே 1969ல வந்த கேட்டலினா 22, கீல மேல தூக்கிட்டு டிரெய்லர்ல ஏத்தி கார் பின்னாடி மாட்டிட்டு வீட்டுக்கு இழுத்துட்டு போயிடலாம், 15,000க்கு மேல வித்துச்சு. எங்க ஆயா சொன்னது இதுதான், ஓடமும் ஒரு நாள் வண்டியில ஏறும்.

இதுல நீளக் கீல் எங்கள என்ன பாடு படுத்துச்சுன்னு சொல்லியே ஆகணும். திருவொத்தியூர் பக்கம் ஒரு கோடவுன்ல ஒரு பழைய 25 அடி யாட், யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுட்டு போனது, வருஷக்கணக்கா தூசி படிஞ்சு கெடந்துச்சு. கோடவுன்காரர், எடம் வேணும், எடுத்துட்டு போறீங்களா இல்ல மெஷின் வெச்சு அறுத்துடட்டான்னு கேட்டாரு. அறுக்கறதா? மனசு கேக்கல. நாங்க நாலஞ்சு பேர் காசு போட்டு கிரேனும் லாரியும் பேசி, கீலுக்கு சவுக்குக் கட்டையில தொட்டில் மாதிரி செஞ்சு, ராத்திரி பத்து மணிக்கு மேல ஏத்தி எண்ணூர் பக்கம் கெளம்பினோம். ஆடி மாசம். தெருவுக்கு தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க, சீரியல் லைட், வேப்பல தோரணம், குறுக்கால பெரிய அலங்கார வளைவு. லாரி மேல தொட்டில், தொட்டில் மேல கீல், கீல் மேல படகு, எங்க தலைக்கு மேல கேபிள் டிவி ஒயர். ஒரு வளைவுக்கு முன்னாடி லாரி நின்னுபோச்சு, முன்னாடியும் போக முடியல, ரிவர்ஸும் எடுக்க முடியல, பின்னாடி தண்ணி லாரி ஹாரன் அடிக்கறான்.

தெருவே எழுந்து வந்துருச்சு. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். ஒரு பாட்டி வந்து படக ஏற எறங்க பாத்துட்டு, அம்மன் கோயில் வாசல்ல ஓடம் வந்து நின்னா சும்மா விடலாமான்னு சொல்லி, கீல்ல மஞ்சக் குங்குமம் வெச்சு கற்பூரம் காட்டிட்டாங்க. பசங்க மூங்கில் கழி எடுத்துட்டு வந்து ஒயர ஒவ்வொண்ணா தூக்கிப் பிடிச்சாங்க, விழாக் குழுவே வளைவோட ஒரு பக்கத்த அவுத்துக் குடுத்தாங்க, பீட் போலீஸ்காரர் வண்டிய ஓரமா நிறுத்திட்டு டார்ச் அடிச்சு ரைட்டு ரைட்டுன்னு வழி சொன்னாரு. எங்களுக்கு கூழ் குடுத்து, கருவாட்டுக் கொழம்பு ஊத்தி, சாப்ட்டுதான் போகணும்னு உக்கார வெச்சுட்டாங்க. அப்ப ஒரு பெரியவர், பழைய கட்டுமரக்காரர், பேசாம கீல தடவிட்டே சுத்தி சுத்தி வந்தாரு. பின்னாடி போய் சுக்கான் பொருந்தற எடத்துல கை வெச்சு பாத்தாரு. கச்சான் காத்துல கூட இது மேல ஏறி வரும்யா, நல்ல கைன்னு சொன்னாரு. யாட்ட வாழ்க்கையில பாத்ததில்ல அவரு! அப்புறம் என்னப் பாத்து ஒண்ணு கேட்டாரு: "ஏத்திட்ட சரி, இத எங்கப்பா எறக்குவ?"

எனக்கு பதில் வரல. இன்னும் வரல. அந்தப் படகு இப்பவும் ஒருத்தர் மனையில முட்டு குடுத்து தார்ப்பாய் போத்தி நிக்குது. இவ்வளவு கடல் இருக்கற ஊர்ல, சாதாரண ஆளு ஒரு சின்ன பாய்மரப் படக தள்ளிட்டு போய் தண்ணியில விட ஒரு பொது சாய்தளம் எங்க இருக்கு? ஹார்பருக்குள்ள பாஸ் இல்லாம போக முடியாது, அது பாதுகாப்பு, நியாயம்தான். மெட்ராஸ் யாட் கிளப்ப 1911ல ஆரம்பிச்சவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், போர்ட் டிரஸ்ட் சேர்மன், நம்ம கணித மேதை ராமானுஜன் 1912ல முப்பது ரூபா சம்பளத்துல அவர் ஆபீஸ்லதான் கிளார்க்கா சேந்தாரு. அப்பேர்ப்பட்ட பாரம்பரியம் நமக்கு இருக்கு. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர்னு நம்ம சென்னைப் பசங்களே மூணு பேர் பாய்மரத்துல போனாங்க, நெஞ்சு நிமிருது. ஆனா காசிமேட்டுப் பையன், காத்தோட வாசனையிலேயே மழை சொல்ற பையன், அவன் பாய் பிடிச்சு கத்துக்க எங்க போவான்? அவன் தாத்தா பாய் கட்டி ஓடினவரு. அவங்க அப்பா காலத்துல மோட்டார் வந்துச்சு. இவனுக்கு டீசல் விலை மட்டும்தான் தெரியும்.

பழசு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில். கோல்டன் குளோப்னு ஒரு போட்டி, ஒத்த ஆளா நிக்காம உலகத்த சுத்தணும், 1988க்கு முன்னாடி வரைஞ்ச, 32லேந்து 36 அடி, நீளக் கீல் படகுலதான் போகணும்னு அங்க விதியே இருக்கு. 2022ல கெளம்பி 2023 ஏப்ரல்ல அதுல ரெண்டாவதா வந்தவர் நம்ம அபிலாஷ் டோமி, படகு ரஸ்லர் 36, இதே ஃபைபர் யாட் ரகம். அந்தப் போட்டிக்கே மூலம், 1969ல உலகத்தையே முதல்முறையா நிக்காம ஒத்தையா சுத்தின ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனோட சுஹைலி, 32 அடி தேக்குப் படகு. கட்டினது எங்க தெரியுமா? பம்பாய்ல. நம்ம ஆசாரிங்க வாச்சி பிடிச்சு செதுக்கினது. அந்தக் கை நம்ம நாட்டுக் கை!

கவுன்சிலர் அம்மா, நான் யாட் நிறுத்தற துறை, மெரினான்னு சொல்வாங்கள்ல (பீச் இல்ல), அது மாதிரி பளபளன்னு எதுவும் கேக்கல. எண்ணூர் பக்கமோ கோவளம் பக்கமோ, எங்க சங்கத்து அண்ணன்மாருக்கு வல காயப் போட எடைஞ்சல் இல்லாத எடமா பாத்து, ஒரு கான்கிரீட் சாய்தளம், படக இழுத்து ஏத்த ஒரு வின்ச், அஞ்சாறு படகு நிக்கற மாதிரி ஒரு ஷெட். ரெட்டக் கீல், தூக்கற கீல் படகுக்கு முகத்துவாரத்துல மணல் மூடினாலும் பெருசா கவலையில்ல, முன்னாடி சொன்னேன்ல, மூணடி போதும். ஷெட்டுல ஒரு பழைய ஆசாரிய உக்கார வெச்சு சம்பளம் குடுங்க, ஃபைபர் வேல தெரிஞ்ச தம்பிமார் இங்கயே இருக்காங்க, ஞாயித்துக்கெழம பசங்களுக்கு கத்துக் குடுக்க நாங்க சும்மா வரோம். ஓடமும் ஒரு நாள் வண்டியில ஏறும், சரி, எங்க ஓடம் ஏறிடுச்சு. எறக்கி விடுங்க, அத மட்டும்தான் கேக்கறோம்.

பாய் பத்தி பேசணும்னு சொன்னேன், தலைவர் ஐயா கடிகாரத்த பாக்கறாரு, மைக்க அடுத்தவருக்கு குடுக்கணும். வாசல்ல டேபிள் மேல நீல நோட்டு இருக்கு, அதுல மனு ஒட்டியிருக்கு, பேரும் தெருவும் எழுதி கையெழுத்து போட்டுட்டு போங்க, கைநாட்டுன்னாலும் பரவால்ல, மை இருக்கு. வர்ற வாரம் அத அம்மாகிட்டயே நேர்ல குடுக்கறோம். ஷெட்டு வந்துச்சுன்னா முதல்ல உள்ள போறது அந்த தார்ப்பாய் போத்தின படகுதான், அதுக்கு பூச்சு அடிக்க ஆள் வேணும், இப்பவே பேர் குடுக்கறவங்க குடுங்க. நன்றி, வணக்கம்.