காது பிடிக்கும் குறி

வேலூர் நேயர்களுக்கு வணக்கம். பார்வையில்லாதவர் கையில் துப்பாக்கியா என்று சிலர் பதறுவார்கள். பேசப்போவது அவர்களுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுத்தருவது பற்றி: 10 மீட்டர் தூரத்து இலக்கு, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள், 4.5 மி.மீ. பெல்லட் என்ற சிறு குண்டு. குறிபார்க்கும் சைட் இருக்கும் இடத்தில் ஒரு சென்சார் உட்காரும். இலக்கிலிருந்து வரும் ஒளியை அது ஒலியாக்கி ஹெட்போனில் தரும். குழல் நடுவை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும், விலகினால் இறங்கும்.

சிக்கல் இங்கேதான். எவ்வளவு விலகினோம் என்று சுருதி சொல்லும்; எந்தப் பக்கம் என்று சொல்லாது. இடப்பக்கம் போனாலும் மேலே போனாலும் காதுக்கு ஒரே இறக்கம்தான். புதியவர் குழலை மூலைவாட்டில் அலையவிட்டுத் திணறுவது இதனால்தான். முதல் சில நாள் பெல்லட்டே வேண்டாம். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து, இடம் வலமாக மட்டும் மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். சுருதி உச்சம் தொட்டு இறங்கும். இறங்கியதும் பாதித் தூரம் திரும்ப வேண்டும். பழைய ரேடியோவில் குமிழைத் திருப்பி ஸ்டேஷன் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. அது கைவந்தபின் மேல் கீழ்.

இலக்கைக் கையால் காட்டுவதும் முக்கியம். அசல் அட்டையின் குறுக்களவு 45.5 மி.மீ., பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. தடவிப் பார்க்க எட்டாத அளவு. பத்து மடங்கு பெரிதாக்கி அட்டையில் சணல் நூலை வளையம் வளையமாக ஒட்டுங்கள். நடுவில் ஒரு மிளகு, அதுதான் பத்து. சுட்ட இடத்தைக் கடிகார முள் கணக்கில், 'எட்டாம் வளையம், மூன்று மணிப் பக்கம்' என்று சொன்னால் அவர் விரல் அந்த இடத்துக்குப் போய்விடும். கடிகார முகம் தெரியாதவருக்கு அதையும் முதலில் தடவிக் காட்டுங்கள்.

நின்று சுடும்போது தரையில் கயிறு ஒட்டி, பாதம் எங்கே என்று காட்டலாம். மூச்சை விட்டு உடலைத் தளர்த்தியதும் சுருதி இறங்கினால் கையால் இழுத்துத் திருத்தக் கூடாது. பின் பாதத்தை ஒரு விரற்கடை நகர்த்தினால் போதும்.

டிரிகரில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று. உச்சச் சுருதி கேட்டதும் வெடுக்கென்று இழுப்பார்கள். விரல் இழுபடுவதற்குள் குழல் நடுவைத் தாண்டியிருக்கும். சுருதி இரண்டு வினாடியாவது மேலே நிலைக்கட்டும், அப்புறம் அழுத்தட்டும். சுட்ட பின்னும் துப்பாக்கியை இறக்காமல் கேட்டால், எப்படி ஆடியது என்று அவரே சொல்வார்.

குண்டுகள் நெருக்கமாக விழுந்தும் நடுவில் இல்லையென்றால் மாணவரைக் குறை சொல்லாதீர்கள். சென்சாரின் திருகு விலகியிருக்கும். பார்வையுள்ளவர் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து ஐந்து குண்டு சுட்டுச் சரிசெய்ய வேண்டும். நம் ஊர் வோல்டேஜும் ஏமாற்றும். இலக்கின் விளக்கு மங்கினால் சுருதி மாறும். ஜன்னல் வழியே வெயில் அட்டையில் விழுந்தாலும் அப்படித்தான். தகரக் கூரைக்கடியில் மின்விசிறி இரைச்சல் வேறு.

ஹெட்போன் மாட்டியவருக்கு 'நிறுத்து' கேட்காது. தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து என்பதை முதல் நாளே பழக்குங்கள். ஆணை கொடுப்பவர் ஒருவர்தான். குழல் எப்போதும் இலக்குப் பக்கம்தான்.

பெல்லட் போடுவதை விரலே கற்றுக்கொள்ளும்: தட்டையான தலை முன்னால், குழியான அடி பின்னால். அது ஈயம். ஆகவே வெளியே ஆம்பூர் பிரியாணியே காத்திருந்தாலும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான்.