ஆன்லைன்ல கார் சர்வீஸ் புக் பண்றீங்களா? ரேட்டுக்கு முன்னாடி இதை பாருங்க

(திரையில்: போன்ல ஒரு புக்கிங் ஆப், வரிசையா கேரேஜ் பேரு, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஸ்டாரும் ரேட்டும்)

வணக்கம். வண்டிக்கு சர்வீஸ் டைம் வந்துடுச்சு, போனை எடுத்து ஒரு புக்கிங் ஆப்போ சைட்டோ ஓபன் பண்றீங்க, வண்டி நம்பரை அடிச்சு ஏரியாவை போட்டா நீளமா ஒரு லிஸ்ட் வந்து நிக்குது. எல்லாருக்கும் நாலரை ஸ்டார் இருக்கு, எல்லாரும் ஃபுல் சர்வீஸ்னுதான் போட்டிருக்காங்க, ஆனா ரேட்டு மட்டும் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் ரெண்டு மடங்கு வித்தியாசமா இருக்கு. இதுல எதை தொடுறது? நிறைய பேரு கம்மி ரேட்டுல மேல எது இருக்கோ அதை தொட்டுட்டு வேலையை பாக்க போயிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. அந்த ரேட்டுக்குள்ள என்னென்ன வேலை அடங்கும்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதை வெச்சுதான் கேரேஜை எடை போடணும். அதை எப்படி படிக்கிறதுங்கிறதுதான் இந்த வீடியோ.

முதல்ல இந்த சைட்டெல்லாம் எப்படி ஓடுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். சில சைட் உங்களையும் கேரேஜையும் சேர்த்து வைக்கிறதோட சரி, ரேட்டு போடுறது, வேலை செய்றது, பில் கொடுக்கிறது எல்லாமே கேரேஜ்தான், சைட்டுக்கு ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு கமிஷன் போகும். இன்னும் சில சைட் தானே ஒரு ரேட்டை ஃபிக்ஸ் பண்ணி காசையும் தானே வாங்கிட்டு, வேலையை மட்டும் தன்கிட்ட பதிஞ்சிருக்கிற ஏதாவது ஒரு கேரேஜ்கிட்ட கொடுக்கும், எந்த கேரேஜ்னு சில சமயம் கடைசி வரைக்கும் உங்களுக்கு தெரியாது. நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா யாரை பிடிக்கிறதுங்கிறது இதை வெச்சுதான் இருக்கு. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி, பில் யார் பேருல வரும், வேலைக்கு கேரண்டி கொடுக்கிறது யாரு, இந்த ரெண்டையும் விதிமுறை பக்கத்துல தேடி படிச்சிடுங்க. அப்புறம் லிஸ்ட்ல முதல்ல வர்ற பேரு பக்கத்துல பொடி எழுத்துல விளம்பரம்னு போட்டிருக்கான்னும் பாருங்க. காசு கொடுத்து மேல வர்றது தப்பில்ல, ஆனா மேல இருக்கிறதால அது நல்ல கேரேஜ்னு அர்த்தம் இல்ல.

இப்போ ஆப்பை கொஞ்சம் மூடி வெச்சிட்டு வண்டியோட கையேட்டை எடுங்க, டேஷ்போர்டு டிராயர்ல கிடக்கும், இல்லைன்னா கம்பெனி சைட்லயே பிடிஎஃப்பா கிடைக்கும். அதுல பராமரிப்பு அட்டவணைன்னு ஒரு பக்கம் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் இல்லைன்னா எத்தனை மாசம், எது முன்னாடி வருதோ அப்போ எதை மாத்தணும்னு அதுல தெளிவா போட்டிருப்பாங்க. வண்டி அதிகம் ஓடல, அதனால சர்வீஸ் வேண்டாம்னு நினைக்கிறவங்க அந்த மாசக் கணக்கை கவனிக்கணும், சும்மா நின்னாலும் ஆயில் பழசாகத்தான் செய்யும். தூசி ரோடு, டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போறது, தினமும் கொஞ்ச தூரம் மட்டுமே ஓட்டுறது இதுக்கெல்லாம் கடினமான பயன்பாடுன்னு தனி அட்டவணை இருக்கும், அதுல இடைவெளி குறைவா இருக்கும். ஊருக்குள்ளயே ஓட்டுற ஆளுங்களுக்கு பெரும்பாலும் அந்த அட்டவணைதான் பொருந்தும், ஆனா அதை யாரும் பாக்கிறதே இல்ல.

அதே பக்கத்துலயே ஆயில் விவரமும் இருக்கும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 இப்படி ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற ஒரு கிரேடு, அதோட ஏபிஐ இல்ல ஏசிஇஏன்னு ஒரு தரக் குறியீடு, சில கம்பெனி தன்னோட சொந்த அப்ரூவல் நம்பரும் போட்டிருக்கும். எத்தனை லிட்டர் பிடிக்கும்னும் இருக்கும். இந்த பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கூடவே சேஸிஸ் நம்பரையும், அதாவது வின் நம்பரையும் எடுத்துக்கோங்க. மொத்தம் 17 எழுத்து, அதுல ஐ, ஓ, கியூ மூணும் வரவே வராது, 1, 0ங்கிற எண்ணோட குழம்பக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. இது எதுக்குன்னா, ஒரே மாடல் ஒரே வருஷத்துல ரெண்டு மூணு இன்ஜின் வந்திருக்கும், வெறும் வண்டி நம்பரை வெச்சு தேடும்போது ஆப் சில சமயம் தப்பான இன்ஜினை காட்டிடும். பார்ட்ஸ் மாறி வந்தா அன்னிக்கு வேலை நின்னுடும், உங்க ஒரு நாள் போயிடும்.

(திரையில்: ரெண்டு பேக்கேஜ் பக்கத்து பக்கத்துல, ஒவ்வொரு வரியா பெரிசாகுது)

சரி, இப்போ பேக்கேஜை பாப்போம், வீடியோல முக்கியமான இடம் இதுதான். ஃபுல் சர்வீஸ்னா இதெல்லாம் இருக்கணும்னு எல்லா இடத்துக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது, ஒவ்வொரு கேரேஜும் தன் இஷ்டத்துக்கு ஒரு லிஸ்ட் வெச்சிருக்கும். அம்பது பாயின்ட் செக்கப், எழுபது பாயின்ட் செக்கப்னு பெரிசா போட்டிருப்பாங்க, உள்ள போய் பாத்தா அதுல முக்கால்வாசி லைட் எரியுதா, ஹார்ன் அடிக்குதா, வைப்பர் ஓடுதாங்கிற வேலை. அதெல்லாம் பாக்கணும்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுல ஒரு பார்ட்டும் மாறல. அதனால லிஸ்ட்டை ஒவ்வொரு வரியா படிச்சு, எதை மாத்துறாங்க, எதை பாக்க மட்டும் செய்றாங்க, எதுல கொஞ்சம் ஊத்தி நிரப்பி விடுறாங்கன்னு மூணா பிரிங்க. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் ரெண்டும் மாத்துற பக்கம் கண்டிப்பா இருக்கும். ஏர் ஃபில்டர் பல இடத்துல வெறும் சுத்தம் பண்றதாதான் இருக்கும். ஏசி ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இதெல்லாம் பேக்கேஜ்ல இருக்கா, தனி காசான்னு இடத்துக்கு இடம் மாறும்.

பிரேக் ஆயிலை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதுலதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. பேக்கேஜ்ல பிரேக் ஃப்ளூயிட் டாப்-அப்னு போட்டிருக்கும், அதை பாத்துட்டு பிரேக் ஆயில் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்குவோம். ஆனா இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கிற குணம் உள்ளது. டாட் 4ங்கிற தரத்துல வர்ற பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக்கூடாதுன்னு தர விதி இருக்கு, அதே ஆயில்ல ஈரம் ஏறினப்புறம் அந்த அளவு 155 டிகிரின்னு ஆயிடுது. நீளமான மலை இறக்கத்துல பிரேக்கை அழுத்திக்கிட்டே வரும்போது சூடு ஏறும், ஆயில் கொதிச்சு உள்ள ஆவி உண்டாகும், ஆவியை அழுத்தினா அமுங்கத்தான் செய்யும், அதனால பெடல் உள்ள போகும், வண்டி நிக்காது. பழைய ஆயில் மேல கொஞ்சம் புது ஆயிலை ஊத்துறதால உள்ள இருக்கிற ஈரம் எங்கயும் போகாது, முழுசா வெளிய எடுத்துட்டு புதுசு ஏத்தணும். பல கம்பெனி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த சொல்றாங்க, உங்க கையேட்டுல என்ன இருக்குன்னு பாத்துக்கோங்க. பேக்கேஜ்ல இது இல்லைன்னா கூடுதல் வேலையா இப்பவே புக்கிங்ல சேர்த்து, ரேட்டையும் இப்பவே கேட்டு வாங்கிடுங்க.

ஆயில்லயும் ஒரு விஷயம் இருக்கு. கம்மி ரேட்டு பேக்கேஜ்ல எத்தனை லிட்டர் வரைக்கும்னு ஒரு வரம்பு இருக்கும், சாதா ஆயிலா சிந்தெட்டிக்காங்கிறதும் மறைஞ்சிருக்கும். உங்க இன்ஜினுக்கு அதைவிட அதிகம் பிடிக்கும்னா, இல்ல ஃபுல் சிந்தெட்டிக் வேணும்னா, கவுன்டர்ல போய் நிக்கும்போது ரேட்டு ஏறும். இதையெல்லாம் கூட்டிப் பாத்தா, முதல்ல ரேட்டு ஜாஸ்தின்னு தள்ளின கேரேஜே கடைசியில சரியான ரேட்டா வந்து நிக்கலாம்.

ரிவியூ பத்தி. அஞ்சு ஸ்டார் கொடுத்து சூப்பர்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கிறதை எல்லாம் தாண்டி போயிடுங்க, மூணு ஸ்டார் கொடுத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க, விவரம் அங்கதான் இருக்கும். சொன்ன ரேட்டும் பில்லும் ஒண்ணா வந்துச்சா, கூடுதல் வேலைக்கு முன்னாடி போன் பண்ணாங்களா, சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைச்சுதா, குறை சொன்னவங்களுக்கு கேரேஜ்காரர் எப்படி பதில் எழுதியிருக்கார், இதை பாருங்க. உங்க கம்பெனி வண்டியே வெச்சிருக்கிறவங்க எழுதினது கிடைச்சா இன்னும் நல்லது. ஹைப்ரிட்டோ எலக்ட்ரிக்கோ வெச்சிருந்தா, ஹை வோல்டேஜ் வேலைக்கு ட்ரெயினிங் எடுத்த ஆள் இருக்காங்களான்னு போன் பண்ணி கேட்டுட்டுதான் புக் பண்ணணும். ஏசி கேஸ் நிரப்பணும்னாலும் கேட்டுக்கோங்க, பழைய வண்டியில ஆர்134ஏ, புது வண்டி பலதுல ஆர்1234ஒய்எஃப், ரெண்டுக்கும் மெஷின் வேற, எல்லா கேரேஜ்லயும் ரெண்டும் இருக்காது.

வாரண்டி போயிடுமான்னு எல்லாரும் பயப்படுறாங்க. அமெரிக்காவுல 1975ல வந்த மேக்னசன்-மாஸ் சட்டம், ஐரோப்பிய யூனியன்ல 2010ல வந்த 461ஆம் நம்பர் விதி, ரெண்டுமே கம்பெனி ஷோரூம்ல சர்வீஸ் பண்ணினாதான் வாரண்டின்னு கட்டாயப்படுத்த விடாது. நீங்க இருக்கிற நாட்டுல என்ன விதின்னு வாரண்டி புத்தகத்தோட சேர்த்து பாத்துக்கோங்க. எங்க இருந்தாலும் அட்டவணைப்படி சரியான கிரேடு ஆயில், சரியான பார்ட்ஸ் போட்டதுக்கு பில் கையில இருக்கணும். கம்பெனியே திரும்ப கூப்பிட்டு சரி பண்ற ரீகால் வேலைக்கு மட்டும் வெளி கேரேஜ் வேண்டாம், வின் நம்பரை கம்பெனி சைட்ல போட்டு பாத்துட்டு அவங்ககிட்டயே போங்க.

(திரையில்: புக்கிங் பக்கத்துல குறிப்புன்னு காலியா ஒரு கட்டம்)

புக் பண்ற பக்கத்துல குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், அதை காலியா விட்டுடாதீங்க. வண்டியில என்ன தெரியுதோ அதை அப்படியே எழுதுங்க, என்ன ரிப்பேர்னு நீங்களே முடிவு பண்ணி எழுத வேண்டாம். "பிரேக் பேட் மாத்தணும்"னு எழுதினா அதை மாத்தி கொடுத்துட்டு போயிடுவாங்க. "மெதுவா போகும்போது பிரேக் போட்டா முன்னாடி இடது பக்கம் கீச்சுனு சத்தம், வேகமா போகும்போது இல்ல"ன்னு எழுதினா மெக்கானிக் அந்த சத்தத்தை தேடி போவார். கூடவே ரெண்டு வரி சேருங்க: "என்னை கேக்காம கூடுதல் வேலை எதுவும் செய்ய வேண்டாம். மாத்தின பழைய பார்ட்ஸை எடுத்து வைங்க." இது எழுத்துல இருக்கிறது உங்களுக்கு பெரிய பலம். முடிஞ்ச வரைக்கும் வேலை முடிஞ்சப்புறம் பணம் கட்டுற வசதியை எடுங்க, கேன்சல் பண்ணா எவ்வளவு பிடிப்பாங்கன்னும் ஒரு தடவை பாத்துடுங்க.

வண்டியை விடும்போது ஓடோமீட்டர், பெட்ரோல் முள், நாலு பக்கம், எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க. அலாய் வீலை யாரும் திருடாம இருக்க லாக் நட் போட்டிருந்தா அதோட சாவியை வண்டியிலயே வெச்சிட்டு வாங்க, அது இல்லைன்னா வீலை கழட்ட முடியாம பிரேக் வேலை நின்னு போகும். ஜாப் கார்டுல, அதாவது செய்யப்போற வேலையை கேரேஜ் எழுதுற தாள்ல, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஆப்ல இருக்கிற லிஸ்ட்டும் அதுவும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஆப்ல எழுதின குறிப்பு பல சமயம் மெக்கானிக் கைக்கு போய் சேர்றதே இல்ல, அதனால அங்க நின்னு ஒரு தடவை வாயாலயும் சொல்லிடுங்க.

மதியம் ஒரு போன் வரும். "சார், பிரேக் பேட் முடிஞ்சு போச்சு, மாத்திடலாமா?"ன்னு கேப்பாங்க. "எத்தனை மில்லிமீட்டர் பாக்கி இருக்கு? ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னு சொல்லுங்க. புது பேட் பொதுவா 10, 12 மில்லிமீட்டர் இருக்கும், 3 கிட்ட வந்துட்டா மாத்தத்தான் வேணும், 6 இருந்தா இன்னும் ஓடும், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம். நல்ல கேரேஜ்காரர் இந்த கேள்விக்கு கோபப்பட மாட்டார், அளந்து சொல்வார். பார்ட்ஸ் எவ்வளவு, லேபர் எவ்வளவுன்னு தனித்தனியா மெசேஜ்ல வாங்கிட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க. இன்ஜின் ஃப்ளஷ்னு உள்ள கழுவி விடுறது, ஆயில்ல ஊத்துற ஏதோ மருந்து, இதெல்லாம் சொன்னா கையேட்டு அட்டவணையில இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா "வேண்டாங்க"ன்னு மரியாதையா சொன்னா போதும்.

வண்டியை எடுக்கும்போது பில்லுல ஆயில் கிரேடு, லிட்டர், பார்ட் நம்பர், ஓடோமீட்டர் ரீடிங் எல்லாம் எழுதியிருக்கணும், வெறும் ஜெனரல் சர்வீஸ்னு ஒரே வரியில போட்டிருந்தா பிரிச்சு எழுதி வாங்குங்க. வண்டியில ஆயில் அளவு பாக்கிற கம்பி, அதாவது டிப்ஸ்டிக் இருந்தா, இழுத்து பாருங்க. மீட்டர்ல சர்வீஸ் ரிமைண்டரை ரீசெட் பண்ணியிருக்காங்களான்னு பாருங்க. வீல் கழட்டின வண்டின்னா 50, 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் நட்டு டைட்டா இருக்கான்னு இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்குற ஸ்பேனர், வெச்சு பாக்க சொல்லி கேளுங்க, தயங்க வேண்டாம்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு வண்டி நின்ன இடத்துல ஆயில் சொட்டு தெரிஞ்சா, பதறிப்போய் பக்கத்து மெக்கானிக்கை கூப்பிட்டு கழட்ட சொல்லிடாதீங்க. இன்னொருத்தர் கை வெச்சிட்டா, அவர் பண்ணின வேலையாலதான் லீக்குன்னு முதல் கேரேஜ் சொல்லிடும். போட்டோ எடுத்து, முதல்ல அந்த கேரேஜுக்கு போன் பண்ணுங்க, அதே சமயத்துல ஆப்ல அந்த புக்கிங்குக்கு கீழேயே புகாரையும் பதிஞ்சிடுங்க, போன்ல பேசினதுக்கு சாட்சி இருக்காது, அங்க பதிஞ்சதுக்கு தேதி இருக்கும். ஆயில் லைட் எரிஞ்சா மட்டும் இன்ஜினை அங்கயே ஆஃப் பண்ணிடுங்க, ஓட்டிக்கிட்டு கேரேஜுக்கு போகாதீங்க, வண்டியை தூக்கிட்டு போக அவங்களையே வர சொல்லுங்க.