குத்துவாளை வரைவதா, விடுவதா?

அவையோருக்கு வணக்கம்.

செவ்விலக்கியத்தைக் கிராஃபிக் நாவல் வழியே கற்பிக்கலாம் என்றதும், மாணவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மூலத்தை மூடிவிடுவார்கள் என்ற அச்சம் ஆசிரியர்களிடையே எழுகிறது. அந்த அச்சம் நியாயமானதே. மூலத்துக்கு மாற்றாகப் படக்கதையைக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். நான் அதை ஓர் உரையாகக் கொடுக்கச் சொல்கிறேன். பரிமேலழகரும் மணக்குடவரும் வேறுபடும் இடத்தில்தானே நாம் குறளின் சொற்களை மீண்டும் உற்று நோக்குகிறோம்? ஓவியரும் ஓர் உரையாசிரியரே.

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் இரண்டாம் அங்கம், முதற்காட்சியை எடுத்துக்கொள்வோம். அரசனைக் கொல்லத் துணிந்த மேக்பெத்தின் கண்முன் ஒரு குத்துவாள் தோன்றுகிறது. பிடிக்கக் கை நீட்டுகிறான், அகப்படவில்லை. வாளை வரைந்தால் அவன் மனத்துக்குள்ளிருந்து நாமும் அதைக் காண்கிறோம். காற்றைத் துழாவும் கையை மட்டும் வரைந்தால், நிலைகுலையும் ஒரு மனிதனை வெளியே நின்று பார்க்கிறோம். ஓவியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அதற்குமுன் மாணவர்களையே, இதற்கு எத்தனை படக்கட்டங்கள் வேண்டும் என்று கேளுங்கள். ஒன்று போதும் என்றுதான் முதலில் தோன்றும். வரிகளைத் திரும்பப் படித்தால், கைப்பிடி தன் பக்கம் திரும்பியிருப்பதாகச் சொல்பவன், சற்றுப் பொறுத்து, முன்பு இல்லாத இரத்தத் துளிகளை அதே வாளில் காண்கிறான்; உடனே, அப்படியொன்றும் இல்லை என்று தானே மறுக்கிறான். வாள், இரத்தம் படிந்த வாள், வெறுமை என்று மூன்று கட்டங்களை மூலமே வகுத்து வைத்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதவைத்து இதைக் கண்டுபிடிக்கச் செய்வது கடினம்.

எதை முதலில் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். எழுத்தாளர் காஃப்கா, ஒருவன் பூச்சியாக மாறிவிடும் தம் 'உருமாற்றம்' கதை 1915இல் நூலாக வெளிவரவிருந்தபோது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தொலைவிலிருந்து தெரிவதாகக்கூடக் காட்டக்கூடாது என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அது இன்ன பூச்சி என்று கதையின் தொடக்கம் பெயர்சொல்வதில்லை; அந்தத் தெளிவின்மையே வாசகரைக் கலங்கவைக்கிறது. பீட்டர் கூப்பர் 2003இல் அக்கதையைக் கிராஃபிக் நாவலாக்கியபோது பூச்சியை வரைந்தார். அது அவருடைய உரை, மதிக்கத்தக்க உரை. ஆனால் அந்தப் பக்கத்தை முதலிலேயே விரித்துவிட்டால், நாற்பது மாணவர்களின் மனத்திலும் ஒரே பூச்சிதான் ஊரும்.

ஆகவே இதற்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள். முதல் வேளை மூலத்துக்கும் மாணவர்களின் கிறுக்கல் ஓவியங்களுக்கும் உரியது. அதுவரை படக்கதை உங்கள் மேசை இழுப்பறைக்குள்ளேயே இருக்கட்டும்.