பட்டனை அழுத்தியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். சித்திரை வெயில் ஏறிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பல ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, ஏறுறதுக்கு முன்னாடியே வண்டிக்குள்ள ஏசி ஓடட்டும்னு வெளியில நின்னு ரிமோட் சாவியில இருக்கற ஸ்டார்ட் பட்டன அழுத்துறேன், ஒண்ணும் ஆகல. சாவி போயிடுச்சு போல, புதுசு போட்டுடலாமா?"

அவசரப்பட்டுப் போடாதீர்கள். புதுச் சாவி என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. அதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அதே சாவியில் கதவு லாக் ஆகிறதா?" லாக் ஆகிறது என்றால் சாவி பேசுகிறது, காருக்கும் கேட்கிறது. கேட்டும் கார் மறுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். ஆளில்லாத வண்டியில் இன்ஜினை ஓட விடுவது ஆபத்தான காரியம், அதனால் சில நிபந்தனைகள் சரியாக இருந்தால்தான் அது கிளம்பும். கியர் 'பி'யில், அதாவது பார்க்கிங்கில் இருக்க வேண்டும். கதவு, டிக்கி, பானட் எல்லாம் மூடியிருக்க வேண்டும். பல கார்களில் முதலில் லாக் பட்டனை அழுத்தி, அடுத்த சில விநாடிகளுக்குள் ஸ்டார்ட் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தட்டிவிட்டு எடுத்தால் ஆகாது.

இதில் பானட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கம் கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் சாலையில் தினமும் போய்வரும் கார்களில், பானட் கொக்கியில் தூசி அடைத்துக்கொள்ளும். அங்கே இருக்கும் சின்ன ஸ்விட்ச் சரியாக அமுங்காது. நீங்கள் பானட்டை மூடியிருப்பீர்கள், காரோ அது திறந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். டேஷ்போர்டில் பானட் படம் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கொக்கியைச் சுத்தம் செய்தாலே போதும். சாவியின் மேல் தப்பே இல்லை.

சரி, லாக்கும் ஆகவில்லை, எதுவுமே ஆகவில்லை என்றால்? அப்போதும் பயப்பட வேண்டாம். இதற்கு ஒகேனக்கல் சம்பவம் ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

சேலத்திலிருந்து ஒரு குடும்பம் ஒகேனக்கல் வந்திருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் போய், மீன் சாப்பிட்டு முடித்துவிட்டு வண்டியருகே வந்தால் சாவி வேலை செய்யவில்லை. பரிசலில் போனபோது பாக்கெட்டோடு நனைந்துவிட்டது. பொழுது சாய்கிறது, கூடவே வயதான அம்மா. தெரிந்தவர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். "அண்ணா, வண்டியக் கட்டி இழுக்க ஆள் அனுப்புவீங்களா?" என்று அந்தத் தம்பி கேட்டார். "இழுக்க வேண்டாம், நான் சொல்றத அப்படியே செய்யுங்க" என்றேன். சாவியின் பக்கவாட்டில் சின்னக் கொக்கி இருக்கும், அதைத் தள்ளினால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி வரும். அதை வைத்து டிரைவர் கதவைத் திறக்கச் சொன்னேன். சாவித் துவாரம் கைப்பிடி மூடிக்குள் மறைந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது. திறந்ததும் வண்டி அலற ஆரம்பித்துவிட்டது. "அலறட்டும், உள்ள உட்காருங்க. பிரேக்கை மிதிங்க. விரலால அழுத்தாதீங்க, டேஷ்போர்டுல இருக்கற ஸ்டார்ட் பட்டன சாவியாலயே அழுத்துங்க." இன்ஜின் ஓடும் சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது. அலறலும் நின்றுவிட்டது. பென்னாகரம் வழியாக அன்று இரவே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இது எப்படி முடிந்தது? சாவிக்குள் இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது. பட்டனை அழுத்தினால் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் அலை போகிறது. இப்போது என் குரல் உங்களிடம் வருவது போலத்தான், அளவில் ரொம்பச் சின்ன ஒலிபரப்பு. அதற்கு பேட்டரி வேண்டும். ஆனால் 'இது இந்தக் காரின் சாவிதான்' என்று அடையாளம் சொல்லும் சிப் வேறு. சாவியைக் கிட்டே கொண்டுபோனால், காரில் இருக்கும் கம்பிச்சுருளே அந்த சிப்புக்குச் சக்தி கொடுத்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், பேட்டரி செத்தாலும் அடையாளம் சாவதில்லை. எங்கே வைக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் ஸ்டார்ட் பட்டன், சிலவற்றில் ஸ்டியரிங் பக்கம், சிலவற்றில் கப் வைக்கும் குழி. உங்கள் காரின் கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றைக்கே மடித்து வையுங்கள்.

அடுத்து, பேட்டரி. பல சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. 20 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். கடையில் சி.ஆர். 2025 கொடுப்பார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அது மெலிசு, உள்ளே ஆடும். இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்குச் செய்யாது. பழையதன் மேல் எழுதியிருப்பதைப் படித்து அதையே கேளுங்கள். சரியான பேட்டரி போட்டும் விட்டு விட்டு வேலை செய்தால் உள்ளே இருக்கும் தகட்டைப் பாருங்கள். அமுங்கிப் போயிருந்தால் ஊசி முனையால் லேசாக நிமிர்த்துங்கள். நனைந்த சாவி என்றால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்ற சுத்தம் செய்யும் திரவத்தில் மெல்லத் துடைத்து நிழலில் காய வையுங்கள். அந்தச் சேலத்துச் சாவிக்குள் ஆற்று மணலும் பச்சைக் களிம்பும் இருந்தன. சுத்தம் செய்த பிறகு வேலை செய்தது.

கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது சாவியிலும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு காரில் இருக்கலாம். பெங்களூரில் வேலை, கார் மட்டும் ஊரில் என்று வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் காரின் பெரிய பேட்டரியே இறங்கியிருக்கும். போன் ஆப்பில் ஸ்டார்ட் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது செல்போன் டவர் வழியாகப் போவது. அஞ்செட்டி மலைப்பக்கம் டவர் இல்லாத இடத்தில் ஆப் கைவிடும், பக்கத்தில் நின்று அழுத்தினால் சாவி கைவிடாது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தொலைந்த சாவியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமில்லை. கடைசியாக இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மூடிய ஷெட்டுக்குள் நிற்கும் காரை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யவே கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும். பழைய கார் வாங்கினால் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், காணாமல்போன அந்தச் சாவியைக் காரின் நினைவிலிருந்து அழித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வணக்கம்.