ஒரு ககரம், பல ஓசை

நேயர்களுக்கு வணக்கம். இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் நண்பர் ஒருவர் ஒரு பழைய கதை சொன்னார். புதிதாகச் சேர்ந்த அறிவிப்பாளர், முதல் நாள் பதற்றத்தில், "இத்துடன் இன்றைய ஒளிபரப்பு நிறைவடைகிறது" என்று சொல்லிவிட்டாராம். நாக்கு கொஞ்சம் பின்னால் மடிந்ததில் வானொலி தொலைக்காட்சி ஆகிவிட்டது!

ஒலி, ஒளி, ஒழி. மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் நாக்கின் நுனி மேல்பல் ஈறுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டாவதில் பின்னுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. மூன்றாவதில் மடிகிறது, ஆனால் அழுத்தமாக எதையும் தொடுவதில்லை. ரகர ழகரங்களைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லும்போது நுனிநா அண்ணத்தை 'வருட' என்கிறது. தடவ என்று பொருள். 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் சொல்லும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்று எம்ஆர்ஐ படம் எடுத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். இப்படிக் கருவி வைத்து ஆராய வேண்டிய நுணுக்கத்தைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் காதாலேயே பிரித்துவிடுகிறார். தலை, தளை இரண்டையும் ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதானே என்பார். அப்போது நமக்கு ஒரு பெருமிதம் வரும், என்ன காது நம் காது என்று.

அந்தப் பெருமிதத்தை ஒரு ஜெர்மன் மாணவி எனக்கு உடைத்துக் காட்டினார். பல வருஷங்களுக்கு முன் நடந்தது. தமிழ் படிக்க வந்தவர். "கடல், சங்கு, மகன் என்று மூன்று சொல்லிலும் ஒரே எழுத்தை எழுதுகிறீர்கள். சொல்வது மட்டும் மூன்று விதமாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். நான் மொழியியலில் பட்டம் வாங்கிய புதிது. "அப்படியெல்லாம் இல்லை அம்மா, மூன்றும் ககரம்தான்" என்றேன். அவர் பேசாமல் என் குரலை டேப்பில் பதிந்து, திரும்பப் போட்டார். கேட்டேன். மூன்று விதமாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாக என் வாயில் இருந்ததை என் காது கேட்டதே இல்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். தொண்டை மணியின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் என்று சொல்லுங்கள், 'க்க' வரும் இடத்தில் தொண்டை ஒரு கணம் சும்மா இருக்கும். பங்கம் என்று சொல்லுங்கள், அதிர்வு நிற்காமல் ஓடும். இனி, மகன். இங்கே நாக்கு அண்ணத்தை முழுசாக அடைப்பதுகூட இல்லை, காற்று உரசிக்கொண்டு போய்விடுகிறது. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் வல்லோசை. மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்வோசை. இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் தளர்ந்த ஓசை. பத்து, பந்து, காது என்று தகரமும் இதே வழியில் போகும். பச்சை, மஞ்சள், பசி என்று சகரமும் போகும். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எந்த இடத்தில் எந்த ஓசை வரும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டால், அந்த ஓசைகளுக்குச் சொல்லைப் பிரிக்கும் வேலை இல்லாமல் போகிறது. ஒலி, ஒளி என்பதில் அந்த ஒரு மெய்தான் பொருளைப் பிரிக்கிறது. ஆகவே காது விழித்திருக்கிறது. மகன் என்பதில் ககரத்தை எப்படிச் சொன்னாலும் அவன் மகன்தான். ஆகவே காது தூங்கிவிடுகிறது. பொருளைப் பிரிக்கும் ஒலியை மொழியியலில் ஒலியன் என்கிறோம். இடத்துக்கு இடம் அது போடும் வேஷங்களை மாற்றொலி என்கிறோம். வாயிலிருந்து வரும் ஓசைகளை அளப்பது ஒலியியல், அவற்றில் எவை ஒரு மொழிக்கு வேறு, எவை ஒன்று என்று கேட்பது ஒலியனியல்.

ஒலியன் என்பது பேராசிரியர்கள் கட்டிவிட்ட கதையா, உண்மையிலேயே மனசுக்குள் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1933இல் ஒரு கட்டுரையில் பதில் சொன்னார். தெற்குப் பாயூட் என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியை டோனி டில்லோஹாஷ் என்ற இளைஞரிடம் அவர் கற்றார். அம்மொழியிலும் நம் பகரம் போன்ற ஒலி இரண்டு உயிருக்கு நடுவில் தளர்ந்து வகரம் மாதிரி ஆகிவிடும். 'தண்ணீரருகே' என்று பொருள்படும் ஒரு சொல்லை அசை அசையாகப் பிரித்துச் சொல்லும்படி டோனியிடம் கேட்டார் சபீர். சேர்த்துச் சொன்னால் ஏறக்குறைய 'பாவ'. பிரித்துச் சொன்னபோது டோனி 'பா' என்று நிறுத்தி, அடுத்து 'ப' என்றார். சபீரின் காதில் அதுவரை விழாத பகரம், டோனியின் மனசிலிருந்து வெளியே வந்தது.

சபீர் இதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். நம் ஊரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் யாரும் ஆச்சரியப்பட மாட்டார். "ம... க... ன்" என்று ககரத்தை வல்லோசையாகவே அவர் எழுத்துக்கூட்டுகிறார். பிள்ளை எழுதிவிட்டு, தளர்ந்த ஓசையில் 'மகன்' என்று வாசிக்கிறது. எழுத்துக்கூட்டியது ஒன்று, வாசித்தது வேறு என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. ஜெர்மனியிலிருந்து ஆள் வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

காது தூங்கப் போவது எப்போது என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகர, டகர ஓசைகளைக் கேட்கவைத்தார்கள். ஓசை மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் பொம்மை ஒன்று வெளிச்சத்தில் தெரியும். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சரியாகத் திரும்பினார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலர்தான் திரும்பினார்கள். அதாவது, வீட்டில் பயன்படாத வேறுபாட்டை ஒரு வயது நிரம்புவதற்குள்ளேயே குழந்தை விட்டுவிடுகிறது. கேட்கக் கற்றுக்கொள்வதில் பாதி, கேளாமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் போலிருக்கிறது.

சரி, அடிக்கடி வரும் ஒரு புகாருக்கு வருவோம். "இந்தியில் நாலு ககரம் இருக்கிறது, தமிழில் ஒன்றுதான். தமிழில் எழுத்து போதாது." எனக்கு இந்தப் புகாரில் உடன்பாடு இல்லை. எழுத்து வாய்க்குக் கணக்கு எழுதுவதில்லை, காதுக்கு எழுதுகிறது. பிரித்துக் கேட்கத் தேவையில்லாத ஓசைக்கு எதற்குத் தனி எழுத்து? அதற்காகத் தமிழ் எழுத்து எல்லா இடத்திலும் ஒலியன் கணக்கை அப்படியே பின்பற்றுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. நகரமும் னகரமும் இருக்கின்றனவே. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் ன என்று ஏறக்குறைய இடம் பிரித்துக்கொண்டுவிட்டன. அப்படியும் இரண்டு எழுத்து. இரண்டாம் வகுப்பில் இதற்காகக் காது திருகப்பட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

தொல்காப்பியம் எழுத்தை முப்பது என்று எண்ணுகிறது. அப்புறம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் 'சார்ந்துவரல் மரபின் மூன்று' என்று தனியே வைக்கிறது. சொந்தக் காலில் நிற்காமல், இடத்தைச் சார்ந்து வருபவை. இதை வைத்துத் தொல்காப்பியர் அன்றே ஒலியனைக் கண்டார் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் அந்தக் காதின் கூர்மையை மறுக்கவும் முடியாது. பசு என்று சொல்லுங்கள், கடைசியில் உதடு குவிகிறது. காசு என்று சொல்லுங்கள், உதடு குவியச் சோம்பல்படுகிறது, உகரம் தேய்ந்துபோகிறது. இந்தத் தேய்ந்த உகரம்தான் குற்றியலுகரம். இரண்டும் எழுத்தில் ஒரே 'சு'. பின்னால் ஓர் உயிர் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: பசு வகரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு பசுவில்லை என்று நிற்கும், காசின் உகரம் ஓடிப்போய் காசில்லை என்றாகும்.

இத்தனை ஒழுங்காக இருந்த வீட்டுக்குள் பஸ் ஏறி வந்தது. பஸ், பீடி, டஜன், கோலி குண்டு. சொல்லின் முதலில் அதிர்வோசை கூடாது என்ற விதியை இந்தச் சொற்கள் கண்டுகொள்ளவே இல்லை. தோசையைக்கூடத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதிர்வோடு ஆரம்பிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் வல்லோசையோடு 'தோசை' என்கிறார்கள். தோசை எப்படிச் சொன்னாலும் தோசைதான், அதனால் சண்டை இல்லை. சண்டை வருவது வேறு இடத்தில். பாவம் என்று எழுதினால், இரக்கத்தில் சொல்வதா, நடனத்தில் முகத்தில் வருவதா? முதல் ஓசைதான் சொல்கிறது. தூங்கிக்கொண்டிருந்த காதைச் சில சொற்கள் தட்டி எழுப்பத் தொடங்கிவிட்டன என்றுதான் நினைக்கிறேன். எழுத்து இன்னும் எழவில்லை.

ஒளிபரப்புக் கதை சொன்ன அதே நண்பர் இன்னொன்றும் சொன்னார். சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்காக வந்த தாளில், "இந்தப் பாட்டில் எவ்வளவு தேன்!" என்று ஒரு வரி இருந்ததாம். அவர் தேன் பாட்டிலைக் கையில் எடுத்த மாதிரியே வாசித்துவிட்டார். அன்றிலிருந்து நிகழ்ச்சிக்கு முன்னால் தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, சந்தேகமான பகரங்களை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொள்கிறார். இன்று காட்டினார். ஒரு பக்கத்தில் ஐந்து வட்டம்.

வணக்கம்.