லூட்டில் புதிய இசை: முதலில் மெட்டை (ஃப்ரெட்டை) கவனியுங்கள்

நண்பர்களே, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1963-இல் கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீமுக்காக எழுதிய 'நாக்டர்னல்' ஒரு கிட்டார் படைப்பு. அதன் மூலமோ, ஜான் டௌலண்ட் 1597-இல் அச்சிட்ட லூட் பாட்டு. லூட் என்பது தந்திகள் ஜோடி ஜோடியாக அமைந்த பழைய ஐரோப்பிய வாத்தியம். எட்டு மாறுபாடுகள் முன்னால் வரும். மூலப்பாட்டு கடைசியில்தான் முகம் காட்டும். அப்படியானால் லூட்டிலேயே வாசித்துவிடலாமே என்று பலருக்கும் தோன்றும்.

சுருதி ஒரு தடையே இல்லை. கிட்டாரின் மூன்றாம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கு இறக்கி, மூன்றாம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் மறுமலர்ச்சிக் கால லூட்டின் ஜி, டி, ஏ, எஃப், சி, ஜி அப்படியே வந்துவிடும்.

சிக்கல் மெட்டில் இருக்கிறது. வீணையில் மெட்டு மெழுகில் பதிந்து நிற்கும். லூட்டிலோ கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புதான் மெட்டு. விரலால் தள்ளினால் நகரும். பழைய இசை வாசிப்பவர்கள் பலர் அதைச் சம சுருதிக்கு, அதாவது பன்னிரு சுரங்களுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி வரும்படி, வைப்பதில்லை. தந்தி நீளம் 60 செ.மீ. என்றால், சம சுருதிக்கு முதல் மெட்டு நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தாங்கி நிற்கும் கட்டையிலிருந்து) 3.37 செ.மீ.யில் நிற்க வேண்டும். அரைச்சுரங்கள் சிறிதும் பெரிதுமாக இரு அளவில் வரும் பழைய முறையான ஆறில் ஒரு கமா மீன்டோனில் அது 2.99 அல்லது 3.63. அந்த நிலையில் பன்னிரு சுரங்களும் புழங்கும் புதுப் படைப்பை எடுத்தால், ஒரு தந்தியில் சேரும் சுரம் அடுத்ததில் பிசகும். ஆகவே மெட்டை நகர்த்தியே ஆக வேண்டும். கழுத்து நட்டை நோக்கிக் குறுகுவதால், அந்தப் பக்கம் தள்ளிய மெட்டு தளர்ந்து 'ஜிர்' என்று இரையும். அவிழ்த்து, வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே நட்டுப் பக்கம் கட்டி, உடலை நோக்கித் தள்ளி இறுக்குங்கள்.

அடுத்தது இரட்டைத் தந்தி. கீழ்த் தந்திகளோடு ஆக்டேவ் தந்தி (அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது) ஜோடி சேர்ந்திருந்தால், நெருக்கமான அபசுரக் கோர்வைகளில் எழுதாத மேல்குரல் ஒன்று துருத்திக்கொண்டு கேட்கும். அதைக் கழற்றி ஒரே சுரத் தந்தி மாட்டுவது நல்லது. நகத்தால் மீட்டினால் ஜோடியில் ஒன்று முந்திக்கொள்ளும். விரல் சதையே சரி. தந்தியை இழுத்து அறையும் பார்டோக் பிட்ஸிகாட்டோ இங்கே வேண்டாம்: ஜோடித் தந்திகள் ஒன்றோடொன்று மோதும். உடலின் மேல்பலகையைத் தட்டவும் வேண்டாம், அது கிட்டார் பலகையைவிட மெல்லியது.

எல்லை வேறொன்றும் உண்டு. கிட்டாரில் 19 மெட்டுகள்; லூட்டின் கழுத்தில் எட்டோ ஒன்பதோ, அதற்கு மேல் பலகையில் ஒட்டிய மரத்துண்டுகள் சில. மேல்சுரங்களில் அலையும் படைப்புக்கு லூட் ஒத்துவராது. 'நாக்டர்னலில்' கடைசிப் பாட்டு லூட்டில் இயல்பாக உட்காரும். மாறுபாடுகளைக் கிட்டாருக்கே விட்டுவிடலாம்.

நடுவழி தேடுபவர்களுக்கு ஸ்வீடனின் வாத்தியக் கைவினைஞர் கேயோர்க் போலின் வடித்த 11 தந்தி ஆல்ட்டோ கிட்டார் இருக்கிறது. கிட்டார் கலைஞர் யோரன் சோல்ஷர் இதை வாசித்திருக்கிறார். தந்திகள் ஒற்றை, மெட்டுகள் நகராது, நகமும் பிடிக்கும். ஜோடித் தந்தியின் அந்தச் சலசலப்பு மட்டும் இதில் கிடைக்காது.