அடியா? பிடியா? பிடியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குக்கூடப் போகாமல் கூண்டுச் சண்டை பார்க்க உட்கார்ந்துவிடும் என் இனத்தாரே, வணக்கம்.

"கூண்டுச் சண்டையின் சுவை அடியிலா, பிடியிலா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நின்று குத்தி உதைப்பது அடி; கீழே தள்ளி மடக்குவது பிடி. தலைப்பிலேயே தீர்ப்பும் இருக்கிறது ஐயா. சண்டை பார்த்துவிட்டு வருகிறவனிடம் என்ன கேட்கிறோம்? "பிடிச்சிருந்ததா?" என்றுதானே! "அடிச்சிருந்ததா?" என்று எவனாவது கேட்பானா?

எனக்கு முன் பேசிய தம்பி மேக்ஸ் ஹாலோவேயைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2024 ஏப்ரல், கூண்டுச் சண்டை நடத்துகிற அமைப்பான யுஎஃப்சியின் 'யுஎஃப்சி 300' நிகழ்ச்சி, ஐந்தாவது சுற்று, கடைசிப் பத்து நொடி. புள்ளியில் முன்னால் இருக்கிற மனிதர் சும்மா சுற்றி ஓடினாலே பட்டத்து பெல்ட் வீட்டுக்கு வந்துவிடும். அவரோ தரையின் நடுவைச் சுட்டிக்காட்டி, வா, இங்கேயே பார்த்துக்கொள்வோம் என்பதுபோல் ஜஸ்டின் கேய்ச்சியைக் கூப்பிட்டார். 4 நிமிடம் 59ஆவது நொடியில் கேய்ச்சி முகம் குப்புற விழுந்தார். தம்பி இதைச் சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் உண்டு. அன்றைக்கு என் கையிலிருந்த காபி முழுக்க லுங்கிக்குத்தான் போனது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் தம்பி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அதே ஹாலோவே ஆறே மாதத்தில் அபுதாபியில் இலியா டோபூரியாவிடம் நாக்அவுட் ஆனார். அதற்கு முன் அவரை யாரும் நாக்அவுட் செய்ததில்லை. "பார்த்தீர்களா, அதுவும் அடிதானே" என்று எதிரணி சிரிக்கிறது. சிரியுங்கள். அந்த டோபூரியா எங்கே வளர்ந்தவர்? ஜார்ஜியாவில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் தொடங்கி, ஜியு-ஜிட்சு என்கிற பிடிக்கலையில் கறுப்புப் பட்டை வாங்கியவர். விழுந்த கேய்ச்சியும் கல்லூரி மல்யுத்தத்தில் பெயர் வாங்கியவர்தான். கீழே விழுந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவனுக்குத்தான் மேலே நின்று அப்படிக் கை வீசத் தைரியம் வரும்.

இப்போது நான் சொல்ல வந்த சண்டைக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட், சிகாகோ. மிடில்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன் டு ப்ளெஸ்ஸி. மஞ்சள் சட்டைக்காரர்கள் பரபரக்க வேண்டாம், இவர் கிரிக்கெட் ஃபாஃப் இல்லை, ட்ரிகஸ் டு ப்ளெஸ்ஸி; நாடு மட்டும்தான் அதே தென்னாப்பிரிக்கா. யுஎஃப்சியில் அதுவரை தோல்வியே கிடையாது. எதிரே கம்சாத் சிமாயேவ். சண்டை மொத்தம் 25 நிமிடம். அதில் 21 நிமிடத்துக்கு மேல் சாம்பியன் சிமாயேவின் பிடியில் கிடந்தார். மூன்று நடுவர்களும் சிமாயேவுக்கு 50-44 என்று எழுதினார்கள். அரங்கத்திலோ கூச்சல், ஊளை.

எங்கள் வீட்டிலும் அதே கதிதான். இட்லித் தட்டோடு வந்த அம்மா, "ஏன்டா, அந்தப் பையனுக்கு உடம்பு சரியில்லையா? எழுப்பி உட்கார வைக்காம இவன் ஏன் மேலேயே படுத்திருக்கான்?" என்றார்.

நடுவரே, எங்கள் ஊரில் ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். புலி தாவி ஆட்டை வெட்டும்போது சுற்றி நிற்கிற பொடியன்கள் கத்துவார்கள். ஆனால் ஆட்டுக்காரர் ஒவ்வொரு காயாக நகர்த்திப் புலிக்குப் போக்கிடம் இல்லாமல் அடைக்கிறாரே, அதைப் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் பார்ப்பார்கள். சிமாயேவ் செய்தது அந்த அடைப்பு. முதல் சுற்றிலேயே டு ப்ளெஸ்ஸியின் ஒரு கையைக் கால்களுக்கு நடுவில் சிக்கவைத்தார், மறு கையைத் தன் கையால் முடக்கினார், முகத்தில் சின்னச் சின்னதாகக் குத்தினார். அந்த ஆள் என்ன நோஞ்சானா? அதற்கு முந்தைய ஆண்டு முன்னாள் சாம்பியன் அடெசன்யாவையே கழுத்தைப் பிடித்துத் தோற்கடித்தவர்! மறுபடி அந்தச் சண்டையைப் பார்த்தால் முகத்தைப் பார்க்காதீர்கள். எழுவதற்காக அவர் தரையில் ஊன்றுகிற கையைப் பாருங்கள். ஊன்ற ஊன்ற அந்தக் கை காணாமல் போகும். முட்டியை மடக்கினால் பாரம் அந்த முட்டி மேலேயே வந்து உட்காரும். 21 நிமிடம் ஒரு உலக சாம்பியனுக்கு எழுந்து நிற்க வழி கிடைக்கவில்லை. அதைச் சலிப்பு என்கிறவர்களுக்கு, அடுத்த முறை அம்மாவோடு உட்காரச் சொல்லி இட்லி தரலாம்.

தண்ணிக்குள் முதலை யானையையே இழுக்கும், கரைக்கு வந்தால் நாய் இழுத்துப் போகும் என்பார்கள். இந்த விளையாட்டு பிறந்ததே அந்தக் கணக்கில்தான். 1993 நவம்பர் 12, டென்வர், முதல் யுஎஃப்சி. எடைப் பிரிவே கிடையாது. சுமார் 80 கிலோ எடையில், வெள்ளை உடுப்போடு ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேஸி வந்தார். எதிரே வந்த குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டிருந்தார். தரைக்குப் போன பிறகு அந்தக் கையுறையை வைத்து என்ன செய்வது? ஒரே இரவில் மூன்று பேரைப் பிடித்தே ஜெயித்தார் கிரேஸி.

எதிரணி அக்கா எங்கள் பிடிக்காரர் மெராப் த்வாலிஷ்விலியைக் கிண்டல் செய்தார். 2023இல் பியோத்ர் யான் என்பவரைக் கீழே தள்ள 49 முறை பாய்ந்து, 11 முறைதான் முடிந்தது என்றார். சரி அக்கா, ஜெயித்தது யார் என்று சொல்லவில்லையே? 2025 டிசம்பரில் யான் திருப்பிக் கொடுத்தார், எங்களுக்கு அன்று மனசு கனத்தது உண்மை. ஆனால் அந்தப் பிடிகளை முறிக்கப் படித்துக்கொண்டு வந்ததால்தானே கொடுக்க முடிந்தது! அடியின் பெருமை பேசுகிறீர்கள், அதே 2025 அக்டோபரில் ஹெவிவெயிட் பட்டத்துக்கு நின்று அடிக்கப் போனவர்கள் என்ன ஆனார்கள்? சிரில் கானின் விரல் டாம் ஆஸ்பினாலின் கண்ணுக்குள் போய், முதல் சுற்றிலேயே சண்டை வெற்றி தோல்வி இல்லாமல் நின்றது. அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்களா?

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றி மட்டும். சார்லஸ் ஒலிவேரா. 2025 ஜூன் 28 அன்று டோபூரியாவின் குத்தில் 2 நிமிடம் 27 நொடியில் விழுந்தார். நினைவே இல்லை. அதை என்னால் கைதட்டிப் பார்க்க முடியவில்லை. அக்டோபர் 11, அவர் நாட்டு மண்ணில், ரியோவில், மடேயுஷ் கம்ரோட்டோடு மோதினார். இரண்டாவது சுற்றில் முதுகில் ஏறிக் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார். கழுத்தின் இரண்டு பக்கத்து ரத்தக் குழாயும் அடைபட்டால் சில நொடிகளில் நினைவு போய்விடும். கம்ரோட் கையால் தட்டினார்; தோல்வியை ஒப்புக்கொள்கிற அடையாளம் அது. ஒலிவேரா விட்டுவிட்டார். தோற்றவர் தானே எழுந்து, தன் காலில் நடந்து போனார். "போதும்" என்று சொல்கிற உரிமையைப் பிடி அவருக்குக் கொடுத்தது. ஜூனில் ஒலிவேராவுக்கு அது கிடைக்கவில்லை ஐயா...

மணி அடித்துவிட்டீர்களா நடுவரே? தயவுசெய்து அந்த ஒரு அடியை எதிரணிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இதோ, மேசையை மூன்று முறை தட்டிவிட்டேன். மைக்கை விடுகிறேன்.